சிவப்புக் கோடு இல்லாத மாத்திரை

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று சொல்லும் தனிப்பட்டியல் எதுவும் இந்திய மருந்துச் சட்டத்தில் இல்லை. 1940ஆம் ஆண்டின் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் சீட்டு தேவைப்படும் மருந்துகளையே எச், எச்1, எக்ஸ் அட்டவணைகளில் அடுக்குகின்றன. அவற்றில் சேராதவை, கேட்டால் கொடுக்கக்கூடியவை.

வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டைக் காட்டுவது அட்டைதான். எச் அட்டவணை மருந்தின் அட்டையில் இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடும், ‘ஆர்எக்ஸ்’ குறியும், சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் அடங்கும். இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பெட்டிக்கடை விற்பனைக்கு இடம் தருவது கே அட்டவணை. பாராசிட்டமால், வலித்தைலம், அமில முறிவு மருந்து போன்ற வீட்டு மருந்துகளை, ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூரில், பிரிக்காத உறையோடு, உரிமமின்றி விற்கலாம். எடுத்துக்காட்டாக, வீராணம் ஏரியை ஒட்டிய சின்னக் கிராமங்களுக்கு இது பொருந்தக்கூடும். அருகிலுள்ள பேரூராட்சியான காட்டுமன்னார்கோயிலுக்குப் பொருந்தாது. அங்கே காய்ச்சல் மாத்திரை விற்கவும் உரிமம் வேண்டும். வீட்டு மருந்துகளை மட்டும் விற்பவருக்கு, மருந்தாளுநர் தேவைப்படாத வரையறுக்கப்பட்ட உரிமம் உண்டு.

எளிதில் கிடைப்பதால் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று விழுங்குபவர் தம்மை அறியாமலே இரட்டை அளவு எடுத்துக்கொள்கிறார். இதைக் காட்டிக்கொடுப்பது அட்டையில் உள்ள மூலப்பெயர். ஒன்றோ இரண்டோ மருந்துகள் மட்டும் அடங்கியவற்றில் அது வணிகப்பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது.

அட்டையின் எல்லையையும் பயனையும் ஒருங்கே காட்டியது 2025இன் கோல்ட்ரிஃப் துயரம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இந்த இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். பெரும்பாலும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துதான். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கும் இந்த நஞ்சை எந்த அட்டையும் எழுதிக் காட்டாது. ஆனால் நச்சுச் சரக்கு எஸ்ஆர்-13 என்று அடையாளம் காணப்பட்டதும், எதைத் திரும்பப் பெறுவது என்று தெரிந்ததும் அட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணால்தான். இம்மருந்தில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று அட்டையிலேயே எழுதும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது.

இவ்வளவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பது பெருங்குறை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அந்த எச்சரிக்கை இருந்தும் இல்லாததுதான். ‘ஒரு செட் மாத்திரை’ கேட்பவருக்கு அட்டையை வெட்டித் தாளில் மடித்துக் கொடுத்தால், பெயரும் காலாவதி நாளும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. வெட்டித்தான் வாங்க வேண்டுமென்றால், காலாவதி நாளும் தொகுதி எண்ணும் இருக்கும் முனையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.