ஜாவாவின் ஜோக்லோ: கழற்றி மாட்டும் வீடு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மனையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கலாம். வாங்கியவர் தச்சர்களோடு வருவார். ஓடுகளை இறக்கி அடுக்குவார்கள். கைமரங்களைக் கழற்றி, விட்டங்களைத் தட்டி எடுத்து, தூண்களைக் கிடத்தி லாரியில் ஏற்றுவார்கள். எந்த மரம் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றிலும் குறி இருக்கும். வேறோர் ஊரில் அதே வீடு மறுபடி எழும்பும். ஆணியை நம்பிக் கட்டாத வீடு என்பதால் இது முடிகிறது.

இப்படிக் கைமாறிய தேக்கு வீடுகள் பல இன்று பாலித் தீவில் சொகுசு விடுதிகளாகவும் உணவகங்களாகவும் நிற்கின்றன. விற்ற குடும்பமோ அதே மனையில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு புது வீடு கட்டிக் குடியேறிவிடுகிறது. பழைய வீட்டின் அருமை தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறை சொல்வது எளிது. ஏன் விற்றார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், எதை விற்றார்கள் என்று பார்ப்போம்.

ஜாவா வீடுகளைக் கூரையை வைத்து வகை பிரிக்கிறார்கள். இருபுறம் சரியும் கூரை கம்புங். நாற்புறமும் சரிந்தால் லிமாசான். நடுவில் செங்குத்தாக எழுந்து, விளிம்பை நெருங்க நெருங்கப் படிந்து தாழும் கூரை ஜோக்லோ. கம்புங் சாதாரணக் குடும்பங்களுக்கு. லிமாசான் சற்று வசதியானவர்களுக்கு. ஜோக்லோ பிரபுக்களுக்கும் ஊர்த்தலைவர்களுக்கும். வசதியான வீட்டில் முன்பக்கம் சுவரே இல்லாத பெண்டோப்போ என்ற கூடம் இருக்கும். விருந்தாளிகள் அங்கே உட்காருவார்கள். அதை ஒட்டி, தோல்பாவைக் கூத்து நடக்கும் பிரிங்கித்தான். அதற்கும் பின்னால் தாலெம் என்ற உள்வீடு. உள்வீட்டின் கோடியில் மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். நடு அறை நெல்லுக்குத் தெய்வமான தேவி ஸ்ரீயுடையது.

ஜோக்லோவின் உயிர் நடுவில் நிற்கும் நான்கு தூண்களில் இருக்கிறது. சோகோ குரு என்று அவற்றுக்குப் பெயர். இவை மண்ணுக்குள் இறங்குவதில்லை. எரிமலைக் கல்லில் செதுக்கிய, மேலே ஒடுங்கும் சதுரப் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தூணின் அடியில் சிறிய முளை விட்டுச் செதுக்கி, அதைக் கல்லில் குடைந்த குழியில் இறக்குவார்கள். மண்ணின் ஈரம் மரத்துக்கு ஏறாது. கரையான் ஏறினாலும் கல்லின் மேல் புற்றுக்கோடு தெரிந்துவிடும். தூண்களின் உச்சியை இரண்டு சுற்று விட்டங்கள் பிணைக்கின்றன. ஒரு விட்டத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகிய மூட்டுகள் அவை. அதற்கு மேல், உயர உயர விரியும் தும்பாங்சாரி என்ற விட்ட அடுக்கு. பார்வைக்கு அலங்காரமாகத் தெரியும் இந்த அடுக்கின் எடைதான் கீழே உள்ள மூட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது. கனமான பலகை போட்ட நாலுகால் மேசையை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு விளங்கும்.

நிலம் ஆடும்போது, கல் மேல் நிற்கும் தூண் கொஞ்சம் நகர இடமிருக்கிறது. செருகிய மூட்டுகள் நெகிழ்ந்து ஒன்றோடொன்று உராய்கின்றன. ஆட்டத்தின் சக்தி அந்த உராய்விலேயே பெருமளவு கரைந்துபோகிறது. சுவர்கள் மரப்பலகையாகவோ மூங்கில் தட்டியாகவோ இருப்பதால் கூரையின் பாரம் அவற்றின் மேல் இல்லை. சுவர் பிளந்தாலும் வீடு நிற்கும்.

2006 மே 27, சனிக்கிழமை விடியற்காலை, யோக்யகர்த்தா வட்டாரத்தில் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் வீடுகள் அழிந்தன. பந்துல், கிளாத்தென் மாவட்டங்களில் பலரைக் கொன்றது அவர்கள் சொந்த வீட்டுச் செங்கல் சுவர்தான். கம்பி போட்ட தூண் இல்லை, சுவரின் தலையைச் சுற்றிக் கட்டும் கான்கிரீட் பெல்ட் இல்லை, சாந்தும் வலுவில்லை. அப்படிப்பட்ட சுவர் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்காது. மேலே இருக்கும் ஓட்டுக்கூரையும் அதோடு வந்து விழும். அதற்காக மரவீடுகள் எல்லாம் தப்பிவிட்டன என்று சொல்ல முடியாது. யோக்யகர்த்தா அரண்மனைக்குள்ளேயே திராஜுமாஸ் மண்டபம் சரிந்து விழுந்தது. அந்த நகரின் பழைய பகுதியான கோத்தகெடேயில் ஜோக்லோக்கள் பல சேதமாயின. கவனிப்பில்லாமல் மூட்டு உளுத்துப்போன மரவீட்டுக்கு எந்தப் பாரம்பரியமும் துணைக்கு வராது.

மர வீட்டிலிருந்து மக்கள் ஏன் விலகினார்கள்? இந்தக் கதை கான்கிரீட்டுக்கு முன்பே தொடங்குகிறது. 1911இல் கிழக்கு ஜாவாவின் மாலாங் பகுதியில் பிளேக் பரவியது. மூங்கிலின் உள்துளையிலும் கீற்றுக்கூரைக்குள்ளும் எலிகள் கூடு கட்டியிருந்ததை அன்று ஆண்ட டச்சு அரசின் அதிகாரிகள் கண்டார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகளில் 15 லட்சம் வீடுகள் வரை அரசின் கட்டளைப்படி மாற்றிக் கட்டப்பட்டன. கீற்று போய் ஓடு வந்தது. மூங்கில் கழி போய்ச் சட்டமரம் வந்தது. எலி ஒளிய இடமில்லாத வீடுதான் நல்ல வீடு என்று அரசே ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தது. மூங்கில் என்றால் நோய், மூங்கில் என்றால் ஏழ்மை என்ற எண்ணம் வேர்விட்டதில் இதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

தேக்கின் கதை வேறு. நல்ல தேக்கு முற்ற 60 முதல் 80 ஆண்டுகள் ஆகும். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து ஜாவாவின் தேக்குக் காடுகள் அரசின் பிடியில்தான் இருக்கின்றன. 1998இல் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி கவிழ்ந்ததை ஒட்டிய ஆண்டுகளில் அவை பெருமளவு சூறையாடப்பட்டன. இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் புதிதாக ஜோக்லோ கட்ட நினைப்பது வீண் ஆசை. தாத்தா வீட்டுக்குக் கிடைக்கும் காசில் பிள்ளையின் படிப்புச் செலவை முடிக்கலாம் என்கிறபோது, விற்கிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த இடத்தில் எழும்பும் வீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நகர்ப்புறங்களில் இப்போது ‘மினிமாலிஸ்’ மோகம். பெட்டி போன்ற முகப்பு, தட்டையான கோடுகள், இறவாரம் பெயருக்குத்தான். மழை சாய்வாக அடிக்கும் ஊரில் இறவாரத்தைக் குறைத்தால் சுவர் நனையும். வெயில் நேராகச் சன்னலில் இறங்கும். பகலெல்லாம் சூட்டை வாங்கிய செங்கல் சுவர் இரவில் அதைப் படுக்கையறைக்குள் விடுகிறது. உயர்ந்த ஓட்டுக்கூரையின் இடுக்குகள் வழியே வெப்பக்காற்று தானாக வெளியேறிய வீட்டில், இன்று ஏசி வேண்டியிருக்கிறது.

செங்கல்லுக்கு நெல்வயலின் மேல்மண்ணை வெட்டுகிறார்கள். சிமெண்டுக்கு மலையை வெட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரி வரை சூடாக்கும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எரிபொருளின் புகையைச் சேர்க்காமலேயே, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு அரை டன்னுக்கு மேல் வாயு வெளியேறுகிறது. மத்திய ஜாவாவின் கெண்டெங் மலைத்தொடரில் இருப்பதும் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுகளாக விடுவதும் அதே பாறை. அந்தத் தொடரை ஒட்டிய ரெம்பாங்கில் வரவிருந்த சிமெண்ட் ஆலையை எதிர்த்து 2016 ஏப்ரலில் அந்த வட்டாரத்து விவசாயப் பெண்கள் ஒன்பது பேர் ஜகார்த்தா அதிபர் மாளிகை முன்னால் தங்கள் கால்களைச் சிமெண்டில் புதைத்து உட்கார்ந்தார்கள். வீடு கட்டும் செலவில் அவர்களுடைய ஊற்றும் ஒரு கணக்கு. யாரும் அதை எழுதுவதில்லை.

மலிவாகக் கிடைத்து விரைவாக வளரும் பொருள் ஜாவாவில் வீட்டுக்கு வீடு கொல்லையில் நிற்கிறது. மூங்கில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும். தூணுக்குத் தடித்த பெத்துங், முடைவதற்கு நார் நீண்ட அபுஸ். மூங்கிலுக்கு எதிரி உளு வண்டு. அது தேடி வருவது மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தை. பிரனாத மங்சா என்ற வேளாண் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மாவுச்சத்து குறைந்திருக்கும் பருவத்தில்தான் ஜாவா விவசாயிகள் மூங்கில் வெட்டுவார்கள். பிறகு ஆற்றிலோ குளத்துச் சேற்றிலோ வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், ஊறப்போடுவார்கள். மாவுச்சத்து கரைந்து புளித்துப்போக, நாற்றம் மூக்கைத் துளைக்கும். கழுவி உலர்த்திய பின் வண்டுக்கு அதில் இரை இருக்காது. இப்போது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து அதே பலனைச் சில நாட்களில் பெறுகிறார்கள். மழை படாமல் காத்தால் இந்த மூங்கில் பல பத்தாண்டு நிற்கும்.

2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டு ஊர்கள் இரண்டு வழியில் போயின. பிரம்பானான் கோயிலுக்கு அருகே நகெலெப்பென் மக்களுக்கு வெளிநாட்டு உதவியில் 2007இல் வட்டமான கான்கிரீட் கும்மட்ட வீடுகள் கிடைத்தன. உறுதியான வீடுகள், மறுக்கவில்லை. ஆனால் வளைந்த சுவருக்குள் ஜாவாக் குடும்பத்தின் அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் இடமில்லை. மக்கள் அவற்றைத் தாங்களே ஒட்டிக் கட்டிக்கொண்டார்கள். பந்துல் மாவட்டத்து நகிபிக்கான், கட்டடக் கலைஞர் எகோ பிரவோத்தோவை அழைத்தது. அவர், யோக்யகர்த்தாவின் சோதே ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்காக வீடு கட்டி 1992இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது பெற்ற பாதிரியார் மங்குன்விஜயாவின் மாணவர். தேக்கைத் தேடி பிரவோத்தோ போகவில்லை. அந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் தென்னை மரத்தில், எல்லோருக்கும் பழகிய லிமாசான் சட்டத்தை எளிமையாக்கினார். அஸ்திவாரத்தையும் மூட்டுகளையும் வலுப்படுத்தினார். இடிந்த வீடுகளில் மிஞ்சியதை மறுபடி பயன்படுத்தினார்கள். ஊர்க்காரர்களே கூடி உழைத்ததில் 90 நாளில் 65 வீடுகள் எழும்பின. 2010இல் அந்த ஊர் ஆகா கான் விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

நகிபிக்கானில் ஜோக்லோ ஒன்றும் புதிதாகக் கட்டப்படவில்லை. ஜோக்லோவைத் தாங்கிய அறிவு அங்கே தென்னை மரத்துக்கு மாறியிருக்கிறது. பாரத்தைச் சட்டம் தாங்கட்டும், மூட்டு நெகிழட்டும், சுவர் இலேசாக இருக்கட்டும், கழற்றியது மறுபடி உதவட்டும் என்பதே அந்த அறிவு. ஜாவாவின் மானிய வீட்டுத் திட்டங்கள், 36 சதுர மீட்டர் பெட்டிகளை வரிசை வரிசையாக ஊற்றும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போரோபுதூரும் பிரம்பானானும் பார்க்க யோக்யகர்த்தா போகும் தமிழர்கள் ஏராளம். அடுத்த முறை போகிறவர்கள் கோத்தகெடேயின் சந்துகளில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். நிலநடுக்கத்தில் சேதமான ஜோக்லோ ஒன்றை காஜா மாதா பல்கலைக்கழகம் வாங்கிச் செப்பனிட்டு, ‘ஓமா யூஜிஎம்’ என்ற பெயரில் அங்கே காத்துவருகிறது. கூரையை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், தூண் கல்லில் உட்காரும் இடத்தைக் குனிந்து பாருங்கள்.