கச்சான் காற்றும் மலைநாட்டுக் காட்சியும்

வைகாசி பிறந்ததும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கச்சான் வீசத் தொடங்கும். உடலை வாட்டும் இக்காற்றின் காரணத்தை அறியப் புகுவோர் மேற்கே மத்திய மலைநாட்டை நோக்குதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுகளிற் சொரிந்துவிட்டு, மறுபுறம் இறங்குகையில் வெப்பமுற்று எம்மை வந்தடைகின்றது. வட்டவளையில் மழை ஓயாதிருக்கும் அதே மாதங்களில் படுவான்கரையில் நிலம் வெடிக்கின்றது. எமது பட்டிப்பளை ஆறும் (கல்லோயா எனப் பின்னர் பெயர் பெற்றது) அம்மலைகளின் கீழைச் சரிவிலேயே பிறக்கின்றது.

தொன்மையான உருமாறிய பாறைகளாலான இம்மலைநாடு தாழ்நிலத்திலிருந்து படிபடியாக உயர்வது. மேற்படியில் 2524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலவும், 2000 மீற்றருக்கு மேற்பட்ட ஹோட்டன் சமவெளியும் உள்ளன. அச்சமவெளி ‘உலக முடிவு’ என்னுமிடத்தில் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக அறுபட்டு நிற்கின்றது. சிவனொளிபாத மலை வனம், ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் தொடர் ஆகியன 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன.

ஆயின் பயணிகள் பெரிதும் வியப்பது பாறையையன்று. பசுங்கம்பளம் எனப்படும் தேயிலைச் சரிவுகளையே. இப்பசுமை இயற்கையின் கொடை எனக் கொள்வது தவறு. காட்டையழித்துக் கோப்பி நட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் அதனைத் தின்றபின் தேயிலை பரவியது. 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் எட்டிய புகையிரதப் பாதை விளைபொருளை இறக்குதற்கே முதன்மையாக அமைக்கப்பட்டது. இன்று அதன் யன்னலோரமே பயணிகளுக்குப் பெருங்கவர்ச்சி. நுவரெலியாவின் ‘சின்ன இங்கிலாந்து’ என்னும் பட்டமும் தோட்ட முதலாளிகளின் ஓய்விற்காக உருவான சுவையின் எச்சமே.

எமது பழைய குறிஞ்சித்திணையில் மலையுண்டு. தினைப்புனங் காப்போரும் உண்டு. கருப்பொருளைத் தொழிலினின்றும் பிரித்துக் காணும் பார்வை அம்மரபிற்கு அந்நியமானது. சுற்றுலாக் கையேடுகளிலோ கொழுந்து பறிக்கும் பெண் வெறும் வண்ணப்படமாகின்றாள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவளது முன்னோரை நாடற்றோராக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. லயன் அறைகள் அவ்வாறே நின்றன.

கொஸ்லாந்தையிலுள்ள 220 மீற்றர் உயர தியலும நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் பலர். அதற்கு அண்மையிலேயே மீரியபெத்தை உள்ளது. எமது வயல்களிற் பெரும்போக விதைப்பு நிகழும் ஐப்பசியில், 2014 ஒக்டோபர் 29 காலை, மழையிலூறிய சரிவு சரிந்து அங்குள்ள லயன்களை மக்களோடு மூடியது. அச்சரிவு ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது.