பூவாரில் இரண்டு 'ஓ'

நெய்யாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் பூவார். அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், 'பி'க்குப் பின் இரண்டு 'ஓ' இடுகின்றனர். இரண்டு 'ஓ' கூடினால் 'ஓ' என்றன்றோ நீளவேண்டும்? 'ஊ' என ஒலிப்பானேன்? ஆங்கில நெடில்களின் வரலாறே இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

தமிழில் குறிலுக்கு ஓர் எழுத்து, நெடிலுக்கு வேறோர் எழுத்து. ஆங்கிலத்திலோ உயிரெழுத்துக்கள் ஐந்தே. உயிரொலிகள் ஏறத்தாழ இருபது. ஆகவே நெடிலைக் காட்டப் பெரும்பாலும் மூன்று வழிகள் வழங்குகின்றன.

முதலாவது, அசை உயிரில் முடிதல்: 'நோ', 'கோ', 'மீ'. இரண்டாவது, ஈரெழுத்துக் கூட்டு: 'ஃபீட்' என்பதில் இரண்டு 'ஈ', 'போட்' என்னும் படகில் 'ஓ'வும் 'ஏ'யும். மூன்றாவது, சொல்லின் இறுதியில் ஒலியாத 'ஈ': 'பிட்' என்பதோடு அதைச் சேர்த்தால் 'பைட்' ஆகிறது. இந்த ஊமை 'ஈ' ஒருகாலத்தில் ஒலித்ததே. 'நேம்' என்னும் சொல் முன்னாளில் 'நாம' என ஈரசையாய் ஒலித்தது. இறுதி உயிர் பின்னர் மறைந்தது. முன்னசையின் நீட்சி நிலைத்தது.

அப்படியாயின் 'நா' எங்ஙனம் 'நே' ஆயிற்று? ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் யாவும் இடம் பெயர்ந்தன. 'மோன்' என்றிருந்த நிலவு 'மூன்' ஆயிற்று. 'ஃபேட்' என்றிருந்த பாதங்கள் 'ஃபீட்' ஆயின. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு உறைந்துகொண்டே வந்தது. ஒலியோ நடந்துகொண்டே இருந்தது. பூவாரின் இரண்டு 'ஓ' அப்பழைய ஓகாரத்தின் எச்சமே. 'புக்', 'பிரெட்' போன்றவை பின்னர்க் குறுகிய நெடில்கள். அவற்றைத் தனியே மனத்திற் கொள்ளவேண்டும்.

நம் ஊர்ப்பெயர்களும் இதே இடரைத் தருவன. பாறசாலையை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஏ' நான்கு முறை வரும். எது நெடில், எது குறில் என்று அவ்வூர்ப் பெயரைக் காதால் கேட்டவரே அறிவர். அயலார் பிழைபட வாசித்தால் நாம் அவரை மூடர் என்பதில்லை.

ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லைக் குறுக்கி வாசித்து நகைப்புக்கு ஆளானமையால், வகுப்பில் வாய் திறவாதிருக்கும் தமிழ் மாணவர் நம்மிடையே உண்டு. நண்பர்களே, அப்பிழை அறிவுக் குறைவன்று. காதால் கேளாத சொல்லைக் கண்ணால் மட்டும் கண்டதன் விளைவு. மூன்று வழிகளையும் கற்போம். விலக்குகளை அகராதியில் காண்போம். ஐயமுற்ற சொல்லை உரக்கக் கேட்போம். வினா நெஞ்சில் இருக்க, உச்சரிப்புக்கு அஞ்சி வாளாவிருப்பதே உண்மையான இழப்பு.