மூன்று மாத்திரையும் ஒரு குறட்டையும்

பட்டர்வொர்த்தில் காலை ஃபெரி கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தலை சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். திடீரென்று சத்தம் நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கின. மூச்சு மட்டும் வரவில்லை. மனசுக்குள் எண்ணினேன். பதினான்கு வந்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி பெரிதாகத் திணறி மூச்சை இழுத்தார். கண்ணைத் திறக்கவே இல்லை.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்லயும் இப்படித்தாங்க. ராத்திரியில நான்தான் தோள்ல தட்டி எழுப்புவேன்." கொஞ்ச நேரம் கழித்து வேறு பேச்சுக்கு நடுவில் சொன்னார்: "பிரஷருக்கு மூணு மாத்திரை போடுறாரு, இறங்கவே மாட்டேங்குது."

இரண்டும் ஒரே விஷயம் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்டை மூடும்போது

இதன் பெயர் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடுவது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் பின்னால் சரிந்து காற்றுப் பாதையை மூடிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை பதறி ஒரு நொடி உலுக்கி எழுப்புகிறது, மூச்சு வருகிறது. தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது.

மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ கணக்கில் சேரும். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 30-ஐத் தொட்டால் தீவிரம். அப்படிப்பட்டவர் ஏழு மணி நேரத் தூக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல் மூச்சுக்குப் போராடுகிறார். "நல்லாத்தான் தூங்குனேன், ஆனா அசதியா இருக்கு" என்று காலையில் சொல்வதில் வியப்பென்ன?

பிரஷரும் இனிப்பு நீரும்

சாதாரணமாகத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் பத்து, இருபது விழுக்காடு இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. மூச்சு அடைபடுகிறவருக்கோ ஒவ்வொரு உலுக்கலிலும் அட்ரினலின் பாய்கிறது. இறங்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது. நாளாக ஆக, பகலிலும் இறங்குவதில்லை. மூன்று வகை மாத்திரைக்கும் கட்டுப்படாத பிரஷர்காரர்களைச் சோதித்தால், பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்த நோய் இருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாவதும் பக்கவாதமும் இவர்களிடம் அதிகம்.

இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாமல் போவதற்கும் இதற்கும் தொடர்புண்டு. மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். இனவாரியாகப் பார்த்தால் இனிப்பு நீரில் இந்தியர்களாகிய நாம்தான் முன்னால் நிற்கிறோம். பகலில் கண் சொக்கினால் ஒரு தே தாரிக், மறுபடி சொக்கினால் இன்னொன்று. அதில் இருக்கும் கெட்டிப்பாலும் சீனியும் யார் கணக்கில் ஏறும்?

இரவில் மூன்று முறை ஒன்றுக்குப் போக எழுந்தால் உடனே சர்க்கரைமேல் பழி போடுகிறோம். அடைபட்ட தொண்டையோடு நெஞ்சு மூச்சை இழுக்கும்போது இதய அறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தப்புக்கணக்குப் போட்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை சரியாக இருந்தும் இரவில் எழுந்துகொண்டே இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

குண்டானவர்களுக்கு மட்டுமா?

இல்லை. எடையும் தடித்த கழுத்தும் முக்கியக் காரணங்கள்தான். ஆனால் கீழ்த்தாடை சிறிதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். மாதவிடாய் நின்றபின் பெண்களிடம் கூடுகிறது. அவர்களிடம் குறட்டை பலமாக இல்லாமல் தூக்கமின்மை, சோர்வு, காலைத் தலைவலி என்று வருவதால் பலருக்குக் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. குழந்தை குறட்டை விட்டால் டான்சிலையும் அடினாய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

பினாங்குப் பாலத்தில் அதிகாலையில் லோரி ஓட்டுகிறவர்களுக்கும், பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிக்னலில் நிற்கும்போதே கண் மூடுகிறது என்றால் அது சோம்பல் இல்லை, நோயாக இருக்கலாம்.

முகமூடி

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய சீபேப் கருவிதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். விலை சில ஆயிரம் ரிங்கிட். வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அது பிரஷர் மாத்திரைக்கு மாற்று அல்ல. 2016-இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சீபேப் குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. எடை குறைத்தால் பலருக்கு நோயே தணியும். லேசான நோய்க்குத் தாடையை முன்தள்ளும் பல் கருவியும், பக்கவாட்டில் படுப்பதும் உதவும்.

இந்த நோய்க்குச் சாட்சி நோயாளி இல்லை, பக்கத்தில் படுப்பவர். அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் படம் பிடித்துத் தரச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு அவர் கடிதம் கொடுப்பார். அரசு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.