முதிய பூனைகளின் தீராத மூக்கடைப்பு: காரணம் கண்டறிவதில் உள்ள சிக்கல்

பத்து வயதைக் கடந்த பூனை ஒன்று வாரக்கணக்கில் தும்முகிறது. மூக்கில் சளி வடிகிறது. மூச்சு விடும்போது குறட்டை போன்ற ஒலி எழுகிறது. ஆண்டிபயாடிக் மருந்து கொடுத்தால் குறைந்து, நிறுத்தியதும் திரும்புகிறது. இது நாட்பட்ட அழற்சியா அல்லது புற்றுநோயா என்பதை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக் கூறிவிட முடியாது.

குட்டிப் பருவத்தில் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், மூக்கினுள் இருக்கும் மெல்லிய எலும்புச் சுருள்களைச் சிதைத்துவிடக்கூடும். சிதைந்த இடத்தில் பாக்டீரியாக்கள் மீண்டும் மீண்டும் பெருகுவதே தீராத சளிக்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வயது ஏற ஏறக் கட்டிகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. பூனைகளின் மூக்கில் அதிகம் காணப்படுவது லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயாகும். மேல்தாடைப் பல்லின் வேரில் பிடித்த சீழும், மூக்கினுள் சிக்கிய புல்லும்கூட இதே அறிகுறிகளைத் தரலாம். ஆஸ்திரேலியாவிலும், 1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவிலும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை பூனைகளைப் பாதித்து வந்துள்ளது. இதனை ரத்தப் பரிசோதனை மூலம் கண்டறியலாம்.

ஒரு நாசியில் மட்டும் சளியோ ரத்தமோ வடிவதும், முகம் வீங்குவதும் கட்டியைச் சந்தேகிக்க வைக்கும். ஆனால் நடுச்சுவரை அரித்துக் கட்டி மறுபக்கம் பரவினால் இரு நாசிகளிலும் வடியும். சளியைச் சோதனைக்கு அனுப்புவதாலும் பெரும் பயன் இல்லை: ஆரோக்கியமான மூக்கிலும் பாக்டீரியாக்கள் உண்டு, ஹெர்பிஸ் வைரஸையோ பல பூனைகள் ஆயுள் முழுவதும் சுமக்கின்றன.

ஆகவே சிடி ஸ்கேன், உள்நோக்குக் கருவி, திசுப் பரிசோதனை ஆகியவை தேவைப்படுகின்றன. திசு எடுக்கும்போது ரத்தம் கசிந்து படம் தெளிவிழக்கும் என்பதால் ஸ்கேன் முதலில் எடுக்கப்படுகிறது. அதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் லிம்ஃபோமா தற்காலிகமாகச் சுருங்கி, முடிவைக் குழப்பிவிடலாம்.

காது தனிக்கதையல்ல. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழாய் அடைபட்டால் நடுச்செவியில் திரவம் தேங்குகிறது. எந்த அறிகுறியும் இல்லாத பூனைகளிலும் ஸ்கேன் இதனைக் காட்டுவதுண்டு. தலை ஒரு பக்கம் சாய்தல், தள்ளாட்டம், ஒரு கண்ணின் பாவை மட்டும் சுருங்குதல் ஆகியவை பாதிப்பு முற்றியதன் அடையாளங்கள். வெளிக்காது சுத்தமாக இருப்பது நடுச்செவிக்கு உத்தரவாதம் ஆகாது. முதிய பூனையின் ஒரு காதில் மட்டும் துர்நாற்றத்துடன் கசிவு நீடித்தால், காதுப்பூச்சி என்று சொட்டு மருந்திலேயே காலம் கடத்துவது ஆபத்தானது. பூனைகளில் காதுமெழுகுச் சுரப்பிக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கின்றன.

இந்தச் சோதனைகளுக்கு மயக்க மருந்து வேண்டும் என்பதே உரிமையாளர்களின் பெரிய தயக்கம். செலவும் சிறிதல்ல. எனினும் முதுமை மட்டுமே தடையல்ல. சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவை முன்னதாகச் சோதிக்கப்படுகின்றன. உயர் ரத்த அழுத்தமே மூக்கில் ரத்தம் வடியக் காரணமாக இருப்பதும் உண்டு.

மூக்கோடு நின்றுவிட்ட லிம்ஃபோமா கதிர்வீச்சு சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படக்கூடியது. நாட்பட்ட அழற்சி முற்றிலும் குணமாவது அரிது. அதனைக் கட்டுக்குள் வைக்க மட்டுமே முடியும். எதுவாயினும் மணம் தெரியாத பூனை உண்ண மறுக்கும் என்பதால், முடிவு வரும் வரை உணவைச் சற்றுச் சூடாக்கிக் கொடுக்குமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள்.