‘பெயில்’ என்னும் ஆங்கிலச் சட்டச் சொல்: வேரும் பொருள் வரலாறும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

குற்றவியல் நடைமுறையில் நாள்தோறும் வழங்கும் ‘பெயில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளையும், இங்கிலாந்துச் சட்டத்திலும் இந்தியச் சட்டத்திலும் அச்சொல் அடைந்த பொருள் மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஓர் ஆளை மற்றோர் ஆளின் பொறுப்பில் ஒப்படைத்தல் என்பதே இச்சொல்லின் தொடக்கப் பொருள். தொகை கட்டி வெளிவருதல் என்னும் இன்றைய பொதுப்புரிதல் பின்னர் ஏற்பட்டது. இப்பொருள் மாற்றம் வறியோரின் விடுதலையைத் தடுத்த விதமும், ‘ஜாமீன்’, ‘பிணை’ என்னும் தமிழ் வழக்குச் சொற்கள் மூலப்பொருளோடு கொண்டுள்ள உறவும் ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: பெயில், பிணை, ஜாமீன், பிணையாளர், சட்டத்தமிழ், சொற்பிறப்பியல்

முன்னுரை

சட்டச் சொல் ஒன்றின் பொருள் அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. நீதிபதி அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருளைப் பொறுத்து ஒருவர் வீடு திரும்புவதும் சிறையில் தொடர்வதும் அமையும். ‘பெயில்’ அத்தகைய சொல். 1973ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இச்சொல்லைப் பல பிரிவுகளில் ஆண்டது. ஆயினும், அதற்கு எவ்விடத்தும் வரையறை தரவில்லை. வரையறை இல்லாத இடத்தை வழக்கமும் மொழிபெயர்ப்பும் நிரப்பின. ஆகவே, இச்சொல்லின் வரலாற்றை அறிவது மொழி ஆய்வாளர்க்கும் சட்டத்தமிழ் பயில்வோர்க்கும் ஒருங்கே பயன்படும்.

சொல்லின் வேர்

‘பெயில்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியின் ‘பையே’ என்னும் வினையின் வழி ஆங்கிலத்திற்கு வந்தது. பொறுப்பேற்றல், கையளித்தல் ஆகியன அவ்வினையின் பொருள்கள். அதற்கு மூலமான இலத்தீன் வினை ‘பாஜுலாரே’; சுமத்தல் என்பது அதன் பொருள். சுமை தூக்குவோரை இலத்தீனில் ‘பாஜுலுஸ்’ என்றனர். சுமத்தல் பொறுப்பேற்றலாகவும், பொறுப்பேற்றல் பொறுப்பில் ஒப்படைத்தலாகவும் விரிந்தது. தமிழிலும் ‘பொறுத்தல்’ என்னும் வினை சுமையைத் தாங்குதலைக் குறிப்பதையும், ‘பொறுப்பு’ என்னும் பெயர் அதனடியாகப் பிறந்ததையும் இங்கு ஒப்பு நோக்கலாம்.

ஒரே வேரிலிருந்து பிறந்த வேறு சட்டச் சொற்களும் உள. நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ‘பெய்லிஃப்’ என்பவர் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட அலுவலர் ஆவார். ‘பெய்ல்மென்ட்’ என்பது பொருளை ஒப்படைத்தல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 148ஆம் பிரிவு, ஒரு நோக்கத்திற்காக ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் கொடுத்து, அந்நோக்கம் நிறைவேறியபின் அது திருப்பித் தரப்பட வேண்டும் என உடன்படுவதை இச்சொல்லால் குறிக்கிறது. தையற்காரரிடம் துணியும் பழுது பார்ப்பவரிடம் கடிகாரமும் கொடுப்பது இவ்வகையே. குற்றவியல் சட்டத்தின் ‘பெயில்’ இதே அமைப்பினது. ஒப்படைக்கப்படுவது பொருளுக்கு மாறாக ஆள் என்பதே வேறுபாடு. பிரெஞ்சு மொழியிலோ ‘பெயில்’ என்பதன் உறவுச் சொல் இன்று குத்தகையைக் குறிக்கிறது. அங்கும் ஒப்படைத்தல் என்னும் கருத்தே எஞ்சியுள்ளது.

ஒலியால் ஒத்த சொற்கள்

படகில் புகுந்த நீரை இறைத்து வெளியேற்றுதலும் ஆங்கிலத்தில் ‘பெயில்’ எனப்படும். அது வாளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலமும் சுமப்பவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே எனக் கருதுவர். மாறாக, கிரிக்கெட் ஆட்டத்தில் குச்சிகளின் மேல் வைக்கப்படும் சிறு கட்டையின் பெயர் வேலி, தடுப்பு என்னும் பொருளுடைய பிறிதொரு பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கோட்டையின் புறமதிலைக் குறிக்கும் ‘பெய்லி’ என்பதும் அக்குடும்பத்தது. இலண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றம் ‘ஓல்டு பெய்லி’ எனப்படுவது, அது அமைந்த தெருவின் பெயரால். அத்தெரு பழைய நகர மதிலை ஒட்டியது. அந்நீதிமன்றத்தின் பெயரைப் பிணையோடு இணைத்து விளக்குவது பிழை.

இங்கிலாந்துச் சட்டத்தில் ஆளே பிணை

இடைக்கால இங்கிலாந்தில் அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று வழக்கு விசாரித்தனர். அவர்கள் வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைக் காத்து வைத்தல் மாவட்ட அதிகாரியான ஷெரீப்பின் கடமை. சிறைகள் உறுதியற்றனவாகவும் செலவு மிக்கனவாகவும் இருந்தன. ஆகவே, ஷெரீப் அவரை உறவினரிடமோ அண்டை அயலாரிடமோ ஒப்படைத்தார். ஏற்றவர் குறித்த நாளில் அவரை முன்னிறுத்தக் கடமைப்பட்டார். இவ்வொப்படைப்பே ‘பெயில்’. இம்முறையில் விடப்பட்டவர் காவலிலிருந்து நீங்கியவராகக் கருதப்படவில்லை. அரசின் காவலிலிருந்து பிணையாளரின் காவலுக்கு மாறியவராகவே கருதப்பட்டார். தப்பிவிடுவார் என அஞ்சினால் பிணையாளரே அவரைப் பிடித்து ஒப்படைக்கலாம். ‘ஆளுக்கு ஆள்’ என்னும் பழைய இலத்தீன் வாய்பாடு இவ்வுறவின் கடுமையைக் காட்டுகிறது.

1275ஆம் ஆண்டின் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் எக்குற்றங்களுக்குப் பிணையில் விடலாம், எவற்றுக்கு விடலாகாது எனப் பகுத்தது. இன்றைய இந்தியச் சட்டத்தின் இருவகைப் பாகுபாட்டிற்கு முன்னோடி இதுவே. 1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம் காலந்தாழ்த்தாமல் பிணை வழங்க வழி செய்தது. நீதிபதிகள் எட்டாத தொகைகளைக் கேட்டு அதனை வெறுமையாக்கினர். அதற்கு விடையாக, அளவுக்கு மிஞ்சிய பிணை கேட்கலாகாது என 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதித்தது. 1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் எட்டாம் திருத்தமும் அதனையே பின்பற்றியது. ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது: ‘அளவுக்கு மிஞ்சிய’ என்னும் அடை ஆளைச் சாராது, அது தொகையைச் சார்வது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சொல்லின் மையம் ஆளிலிருந்து பணத்திற்கு நகர்ந்துவிட்டதை இவ்வடையே காட்டிவிடுகிறது.

தொகையின் உண்மை நிலை

‘பத்தாயிரம் ரூபாய் பிணை’ என்னும் தொடர் விடுதலையின் விலையைப் போல் ஒலிக்கிறது. சட்டத்தின் நிலை வேறு. பிணை முறியில் எழுதப்படும் தொகை, குறித்த நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் வாராதொழிந்தால் மட்டுமே செலுத்தத்தக்க தண்டத்தொகை. முறி எழுதும் நாளில் எவரும் எதையும் கட்ட வேண்டுவதில்லை. முறிக்கு மாற்றாகப் பணத்தை வைப்பாகச் செலுத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பது தனி ஏற்பாடு; அது விதியன்று. நடைமுறையில், அத்தொகையளவு சொத்து உடையவர் என்று பிணையாளர் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், சொத்துள்ளோரை அறியாதவர்க்கு அத்தொகை சிறையின் பூட்டாகவே அமைந்துவிடுகிறது.

மோதிராம் வழக்கு: சொல்லாய்வே தீர்ப்பானமை

1978ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்னும் வழக்கு இச்சிக்கலை நேராகச் சந்தித்தது. மனுதாரர் ஓர் ஏழைக் கொத்தனார். அவரைப் பிணையில் விட உச்ச நீதிமன்றமே முன்னர் ஆணையிட்டிருந்தது. விசாரணை நடுவரோ பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாளர் வேண்டும் என்றார். மனுதாரரின் உடன்பிறந்தார் முன்வந்தபோது, அவர்தம் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது எனக் கூறி மறுத்தார். விடுதலை ஆணை பெற்றவர் விடுதலை பெறவில்லை.

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் நடுவில் நிற்பது ஒரு சொற்பொருள் வினா: ‘பெயில்’ என்பது பிணையாளரோடு கூடிய விடுதலையை மட்டும் குறிக்குமா, அன்றித் தன் சொந்த முறியின் பேரில் விடப்படுதலையும் உள்ளடக்குமா? 1973ஆம் ஆண்டுச் சட்டம் சில பிரிவுகளில் ‘பிணையிலோ சொந்த முறியிலோ’ என இரண்டையும் வேறுபடுத்தியது. வேறு பிரிவுகளில் ஒரே சொல்லால் இரண்டையும் தழுவியது. சட்டத்தின் சொல்லாட்சி ஒருசீராக இல்லாதபோது அதன் நோக்கத்தை நோக்க வேண்டும் எனக் கொண்ட நீதிமன்றம், பிணையாளர் உண்டாயினும் இல்லையாயினும் இரண்டும் ‘பெயில்’ என்பதில் அடங்கும் எனத் தீர்த்தது. பிணையாளரின் சொத்து வேறு மாவட்டத்தது என்னும் காரணத்தால் அவரை மறுத்தலும் கண்டிக்கப்பட்டது. தமிழரோ மலையாளியோ தொலைவான வட மாநிலம் ஒன்றில் கைதானால், அவ்வூரில் சொத்துள்ள பிணையாளர்க்கு எங்கே போவார் என்னும் கருத்துப்படத் தீர்ப்பு வினவியது. மனுதாரர் ஆயிரம் ரூபாய்க்கான தம் சொந்த முறியின் பேரில் விடப்பட்டார்.

புதிய வரையறையும் தொடரும் சிக்கலும்

2022ஆம் ஆண்டின் சதேந்தர் குமார் ஆண்டில் வழக்கில், ‘பெயில்’ சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டி, தனிப் பிணைச்சட்டம் இயற்றுமாறு பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இச்சொல்லை முதன்முறையாக வரையறுக்கிறது. நிபந்தனைகளோடு சட்டத்தின் காவலிலிருந்து விடுவித்தல் ‘பெயில்’. பிணையாளர் இன்றி எழுதுவது ‘பாண்டு’. பிணையாளரோடு எழுதுவது ‘பெயில் பாண்டு’ என மூன்றும் பிரிக்கப்பட்டன. மோதிராம் தீர்ப்பு விளக்கத்தால் கண்ட பொருளைச் சட்டமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

எனினும், 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். பிணை ஆணை பெற்றும் வெளிவர இயலாதோர் பற்றி 2023 ஜனவரியில் நெறிமுறைகள் வகுத்த உச்ச நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளரை வற்புறுத்துதல் தாமதத்திற்கு ஒரு காரணம் எனக் குறிப்பிட்டது. மோதிராம் வழக்கின் சிக்கல் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை.

தமிழ் வழக்கில் ஜாமீனும் பிணையும்

தமிழ்நாட்டுப் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் பெருவழக்காயுள்ள ‘ஜாமீன்’ அரபு மூலமுடையது; பாரசீக, உருது மொழிகளின் வழி வந்தது. மூலத்தில் அது பொறுப்பேற்கும் ஆளைக் குறிக்கும். உருதுவில் பொறுப்பேற்றலுக்கு ‘ஜமானத்’ எனத் தனிச்சொல் உண்டு. தமிழில் ஆளைக் குறித்த சொல் விடுதலைக்குப் பெயராயிற்று. ஆகவே, ஆளைக் குறிக்க ‘ஜாமீன்தாரர்’ எனப் புதிதாக விகுதி சேர்க்க நேர்ந்தது.

‘பிணை’ என்பதன் அடிப்பொருள் ஒன்றோடொன்று கட்டுதல். பிணைதல், பிணைத்தல், பிணையல் ஆகியன அதன் கிளைகள். ஒருவரை மற்றொருவரோடு கட்டும் உறவே ஈடு என்னும் பொருளுக்கு வழிவகுத்தது. தெப்பத்தைக் குறிக்கும் ‘புணை’ என்னும் சொல்லும் ஈடு என்னும் பொருளுடையது. கல்வெட்டுகளில் வரும் ‘புணைப்படுதல்’ ஒருவர்க்காகப் பொறுப்பேற்றலைக் குறிக்கும். ஆக, ஆங்கிலச் சொல் சுமத்தலிலும் தமிழ்ச்சொல் கட்டுதலிலும் தொடங்கி, ஓர் ஆள் மற்றோர் ஆளுக்குப் பொறுப்பாதல் என்னும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

இலங்கைத் தமிழில் ‘பிணை’யே ஆட்சி வழக்கும் செய்தி வழக்கும் ஆகும். பிணை வழங்குதலை விதியாகவும் மறுத்தலை விலக்காகவும் கொண்ட 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் அங்கு ‘பிணைச் சட்டம்’ எனப்படுகிறது. பணம் கட்டுவதைக் ‘காசுப் பிணை’ என்றும், ஆள் பொறுப்பேற்பதைச் ‘சரீரப் பிணை’ என்றும் பிரித்து வழங்குவர். ஆங்கிலத்தில் மங்கிய வேறுபாட்டை இவ்வழக்கு தெளிவுறக் காட்டுகிறது.

‘பிணையில் வெளிவர முடியாத பிரிவு’

தமிழாக்கத்தால் பெரிதும் குழப்பம் விளைந்த இடம் ஒன்று உண்டு. குற்றங்கள் பிணையில் விடத்தக்கவை, பிற என இருவகைப்படும். முதல்வகையில் பிணை பெறுதல் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அதிகாரி மறுக்க இயலாது. இரண்டாம் வகையில் அது நீதிமன்றத்தின் உளத்தேர்வைப் பொறுத்தது. இவ்வளவே வேறுபாடு. செய்தித்தாள்கள் இரண்டாம் வகையை ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என எழுதுகின்றன. இத்தொடரைப் படிக்கும் எளிய குடும்பம் மனுச் செய்வதே வீண் எனக் கருத இடமுண்டு. ‘பிணை உரிமையாகாத குற்றம்’ என்பது சட்டப் பொருளுக்கு நெருக்கமானது. அவ்வாறே, விடுதலைக்குப் ‘பிணை விடுதலை’, ஆளுக்குப் ‘பிணையாளர்’, தனித்து எழுதும் ஆவணத்திற்குச் ‘சொந்த முறி’, பிணையாளரோடு எழுதுவதற்குப் ‘பிணைமுறி’ என வரையறுத்து வழங்கின், புதிய சட்டத்தின் பாகுபாடு தமிழில் சிதையாமல் நிற்கும்.

முடிவுரை

‘பெயில்’ என்னும் சொல் சுமத்தலில் பிறந்து, ஆளை ஒப்படைத்தலாகி, தொகையாகச் சுருங்கி, மீண்டும் நிபந்தனையோடு கூடிய விடுதலையாக வரையறை பெற்றுள்ளது. இங்கிலாந்தும் 1976ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தால், குற்றம் சாட்டப்பட்டவரிடம் தொகை குறித்த சொந்த முறி பெறும் முறையை நீக்கி, வாராதொழிதலைக் குற்றமாக்கியது. இச்சொல்லின் நடுவில் இருப்பது ஒருவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை. தொகை அந்நம்பிக்கைக்குத் துணையாக வந்தது. தமிழில் ‘பிணை’ என்னும் சொல் இவ்வுறவுப் பொருளை இன்றும் இழக்காமல் வைத்துள்ளது. அச்சொல்லை அதன் முழுப்பொருளில் ஆளுதல், சட்டம் ஏற்கெனவே வழங்கிய உரிமையை அதற்குரியவர் அறிந்துகொள்ள உதவும்.