சுடுவோரும் சுடாதோரும்

உத்தரப் பிரதேசத்தில், பாக்பத் ஜில்லாவில், ஜோஹ்ரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. கரும்பு விளையும் பூமி. பெண்கள் முகத்தை மறைத்து முக்காடிட்டுக் கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம். 1999-ம் வருஷத்தில், அறுபது வயதைக் கடந்த சந்த்ரோ தோமர் என்னும் அம்மையார் தம் பேத்தியை அழைத்துக் கொண்டு ஊரிலிருந்த துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்துக்குச் சென்றார். பேத்திக்குத் தனியே போகக் கூச்சம். பாட்டி துணைக்குப் போனார், அவ்வளவுதான். சிறுமி துப்பாக்கியில் ரவையைப் போடத் தெரியாமல் திண்டாடியபோது பாட்டியார் அதைக் கையில் வாங்கி, ரவையைப் போட்டு, எதிரே தெரிந்த அட்டையை நோக்கிச் சுட்டார். ரவை நடுப்புள்ளியில் பாய்ந்தது. பயிற்சியாளர் திகைத்துப் போனார். பாட்டியாரும் திகைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

அன்றுமுதல் அவர் சுடக் கற்றார். வீட்டு ஆண்பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வம்பு என்று, இரவில் எல்லோரும் உறங்கிய பின், நீர் நிறைந்த பாத்திரத்தை நீட்டிய கையில் பிடித்துக் கொண்டு அசையாமல் நிற்கப் பழகினாராம். அவருடைய ஓரகத்தி பிரகாசி தோமரும் சேர்ந்து கொண்டார். மூதாட்டிகள் இருவரும் பாவாடையும் முக்காடுமாகப் பந்தயங்களுக்குப் போய்ப் பதக்கங்களுடன் திரும்பினார்கள். 2019-ல் அவர்கள் கதை ஹிந்திப் படமாகவும் வந்தது. 2021-ல் கொரோனா நோய் சந்த்ரோ அம்மையாரைக் கொண்டு போயிற்று.

இக்கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் "என்ன தைரியம்!" என்று வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. டாக்டர் ராஜ்பால் சிங் என்பவர் அந்தக் கழகத்தை ஜோஹ்ரியில் ஏற்படுத்தாமல் டில்லி நகரில் ஏற்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கண்ணும் கையும் அப்படியேதான் இருந்திருக்கும். மாட்டுக்குத் தீனி வைப்பதிலும் சாணம் தட்டுவதிலும் கழிந்திருக்கும். குறி பார்க்கும் திறமை நம் தேசத்தில் அபூர்வமான சரக்கு அல்லவென்று நான் நம்புகிறேன். குறி பார்க்க ஓர் இடந்தான் அபூர்வமாக இருந்து வந்திருக்கிறது.

அது ஏன் என்று பார்க்கப் போனால், கதை 1878-ம் வருஷத்துக்குப் போகிறது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் பிறந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக் கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். குடகு நாட்டுக் கொடவர்களைப் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேண்டிய குடியானவன்கூடக் கலெக்டர் கச்சேரி வாசலில் காத்துக் கிடந்தான். அஹிம்சையைப் போதித்த மகாத்மா காந்தியே 1918-ல் இச்சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது.

இரண்டு மூன்று தலைமுறை துப்பாக்கியைக் கண்ணால் மட்டும் கண்டு, அதுவும் சிப்பாயின் தோளிலோ துரையின் கையிலோ கண்டு வளர்ந்தால், அது நம்முடைய பொருளல்ல என்ற எண்ணம் மனத்தில் ஊறிப் போவதில் ஆச்சரியம் என்ன? சுதந்திரம் வந்த பின் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் மட்டும் போகவில்லை. ஒழுங்கு காக்க வேண்டிய எந்த அரசாங்கமும் அதை முழுவதும் விட்டுவிட முடியாதுதான்.

1951-ல் தேசிய ரைபிள் சங்கம் பிறந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? காந்தியடிகளின் வழியில் நின்று பல முறை சிறை சென்ற கணேச வாசுதேவ மவளங்கர். மறு வருஷம் லோக்சபையின் முதல் சபாநாயகரானவர். கதர் வேஷ்டிக்காரருக்கும் ரைபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள், ஆயுதச் சட்டத்தின் கதையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். இன்றும் புதிதாகச் சுட வருகிறவர்கள் தகுதி பெறப் போகும் பந்தயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் சங்கம் பிறந்ததால் ஜனங்கள் வந்துவிடவில்லை. முதலில் வந்தவர்கள் வேட்டையில் பழகிய ராஜாக்கள். பிகானீர் மகாராஜா கர்ணீ சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்து கொண்டார். 1962-ல் கெய்ரோவில் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் பந்தயம் அவருடையது. அதில் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுக்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தோட்டா கரியாகிறது. தினமும் பயிற்சி செய்கிறவன் எத்தனை தோட்டாக்களைத் தீர்ப்பான் என்று கணக்குப் போட்டால், அது ஏன் நெடுங்காலம் அரண்மனை விளையாட்டாக இருந்தது என்பது விளங்கும். அந்த மரபு இன்னும் முற்றிலும் அற்றுவிடவில்லை. 2024-ல் பாரிஸ் நகரில் இதே பந்தயத்தில் நம் தேசத்துக்காகச் சுட்ட பிருதிவிராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர்.

ராஜாக்களுக்குப் பிறகு ராணுவத்தார். 2004-ல் ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும், 2012-ல் லண்டனில் வெள்ளி வாங்கிய விஜயகுமாரும் பட்டாளத்து மனிதர்கள். துப்பாக்கியும் தோட்டாவும் சர்க்கார் செலவு. அதற்கு அடுத்தபடி, செல்வர் வீட்டுப் பிள்ளைகள். 2008-ல் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபிநவ் பிந்த்ராவுக்கு அவர் தகப்பனார் வீட்டிலேயே பயிற்சிக் கூடம் கட்டிக் கொடுத்திருந்தார். இதைச் சொல்வதால் பிந்த்ராவின் பெருமை குறைந்து விடாது. கூடம் கட்டித் தரும் தகப்பனார்கள் எத்தனையோ பேர். தங்கம் கொண்டு வந்த மகன் ஒருவன்தானே!

மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது காற்றுத் துப்பாக்கி. வெடி மருந்து கிடையாது; அழுத்திய காற்று ஒரு சிறு ஈய ரவையைத் தள்ளுகிறது. அளவும் வேகமும் வரம்புக்கு உட்பட்டிருந்தால் லைசென்ஸும் வேண்டியதில்லை. மைதானம் தேவையில்லை, பத்து மீட்டர் நீளமுள்ள அறை போதும். பள்ளிக்கூடத்து வராந்தாவே போதும் என்று சொல்லலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனது இந்தப் பத்து மீட்டர் ரைபிளுடன்தான். அகமதாபாத் மவளங்கரின் ஊர் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

ஆனால் கதவு திறந்த பின் உள்ளே வாடகை கேட்கிறார்கள். பந்தயத்துக்கு உகந்த துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. விலை லட்ச ரூபாய்க் கணக்கில். ரைபிள்காரருக்கு விறைப்பான தனிச் சட்டையும் காற்சட்டையும் வேறு. 2024-ல் பாரிஸில் ஐம்பது மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து உபாத்தியாயரின் மகன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். உபாத்தியாயர் சம்பளத்தில் தோட்டா வாங்குவதென்றால் என்ன என்பதை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. அவரைத் தூக்கி விட்டது மகாராஷ்டிர சர்க்காரின் விளையாட்டுப் பயிற்சித் திட்டம்.

பணம் இருந்தும் வராதவர்கள் உண்டு. "துப்பாக்கி என்றால் கொலை, அதை ஏன் என் குழந்தை தொட வேண்டும்?" என்று கேட்கிற தாயாரை நான் பரிகசிக்க மாட்டேன். அவர் பத்திரிகையில் படிப்பதெல்லாம் அப்படிப்பட்ட செய்திதானே! அச்சம் தெளிவது வழக்கத்தினால்தான். ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிச் நகரில் செப்டம்பர் மாதந்தோறும் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு சுடும் திருவிழா நடக்கிறது. ராட்டினமும் தின்பண்டக் கடைகளுமாக ஊரே கூடுகிறது. அங்கே பிள்ளை சுடப் போவது, நம் ஊரில் பிள்ளை பொருட்காட்சிக்குப் போவது மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பழக்கமுள்ள ஊரிலும் பெண் குழந்தைகளைச் சேர்த்துக் கொண்டது 1991-ல்தான்.

பெண்கள் விஷயத்தில் உலகம் முழுவதுமே இந்த விளையாட்டு கொஞ்சம் கோணலாகவே நடந்து வந்திருக்கிறது. 1992-ல் பார்ஸிலோனாவில் சீன தேசத்து ஜாங் ஷான் என்னும் பெண், ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட தட்டுச் சுடும் பந்தயம் ஒன்றில் ஆண்களையெல்லாம் தோற்கடித்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயம் ஆண்களுக்கு மட்டும் என்று ஆயிற்று! பெண்களுக்கென்று தனிப் பந்தயம் 2000-ல்தான் வந்தது. ஜெயித்தவர் தம் பட்டத்தைக் காத்துக் கொள்ளப் போக இடமே இல்லை.

இவ்வளவு இடைஞ்சலையும் தாண்டி உள்ளே போனவர்கள் ஏன் அங்கேயே இருந்து விடுகிறார்கள்? பார்க்கிறவனுக்கு இதைப் போல அலுப்பான விளையாட்டு வேறில்லை. ஒரு மனிதர் அசையாமல் நிற்கிறார், 'டப்' என்று ஒரு சத்தம், மறுபடியும் நிற்கிறார். இப்படி அறுபது முறை. ஆனால் நிற்கிறவருக்கு நடப்பது வேறு. பத்து மீட்டர் ரைபிள் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே உள்ளது. இந்த வரியின் முடிவில் இருக்கும் முற்றுப் புள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். நெஞ்சின் துடிப்பே குழாயின் முனையை அசைத்து விடும். மற்ற விளையாட்டுக்களில் உடம்பை முறுக்கேற்றும் மருந்துகளைத் தடை செய்கிறார்கள். இதிலோ நெஞ்சின் படபடப்பைத் தணிக்கும் மருந்தும் தடை. 2008-ல் ஒரு வட கொரியர் அம்மருந்தால் இரண்டு பதக்கங்களை இழந்தார். எதிராளி என்று சொல்லத் தக்கவர் யாரும் எதிரே இல்லை. தோற்றால் நடுவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

தோல்வியும் இங்கே விசித்திரமானது. ஹரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 2021-ல் டோக்கியோவில் சுட்டுக் கொண்டிருக்கையில் கைத்துப்பாக்கியின் ஓர் உறுப்பு பழுதாயிற்று. சரி செய்வதற்குள் நிமிஷங்கள் கரைந்தன. இறுதிச் சுற்று தவறியது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. விளையாட்டே வேண்டாமென்று வெறுத்துப் போயிருந்தவர், 2024-ல் பாரிஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலங்கள் பெற்றார். சுதந்திர இந்தியாவில் அதற்கு முன் எவரும் செய்யாத காரியம்.

வயது ஒரு தடையில்லை என்பது மற்றொரு கவர்ச்சி. ஸ்வீடன் தேசத்து ஆஸ்கர் ஸ்வான் 1920-ல் ஒலிம்பிக் வெள்ளி வாங்கியபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஓட்டப் பந்தயத்தில் இது நடக்குமா?

ஜோஹ்ரிப் பிள்ளைகளைக் கேட்டால், அவர்கள் இன்னும் நேரான காரணம் சொல்வார்கள். நன்றாகச் சுட்டால் பட்டாளத்திலோ போலீஸிலோ உத்தியோகம். அக்கிராமத்திலிருந்து அப்படி வேலைக்குப் போனவர்கள் பலர். பிரகாசி அம்மையாரின் மகள் சீமா தோமரும் ராணுவத்தில் சேர்ந்தவரே. 2010-ல் உலகக் கோப்பைப் போட்டியில், அந்த மகாராஜாக்களின் தட்டுச் சுடும் பந்தயத்திலேயே வெள்ளி வென்றார். சோற்றுக்காக விளையாடுவதாவது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கட்டும். பசியில்லாதவர்கள் மட்டும் விளையாடிய காலத்தில் நமக்குக் கிடைத்த பதக்கங்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

நேயர்களுக்கு விருப்பமிருந்தால் இன்றிரவே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரு செம்பில் விளிம்பு வரை நீர் நிரப்பி, ஒரு கையால் பிடித்து, கையை நேரே நீட்டிக் கொண்டு ஒரு நிமிஷம் நில்லுங்கள். பிறகு குனிந்து, தரையில் எவ்வளவு நீர் இருக்கிறதென்று பாருங்கள்.